அண்ணி கழுவிய பூமி

ஜமால் பாய் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் நிலத்தில் இறங்கினார். நாலடி வைத்ததும் மறுபடியும் மாட்டிக்கொண்டார். கடல் தண்ணீர் ஏறி வற்றியதில் தரையில் படிந்திருந்த வெள்ளை உப்புப் பொருக்கு காலைக் குத்தியிருக்க வேண்டும். அவர் நடக்க நடக்க, அப்பளம் நொறுங்குவதுபோலச் சத்தம் வந்தது.

பாய் கோட்டக்குப்பத்துக்காரர். குவைத்தில் பல வருஷம் கடை வைத்திருந்துவிட்டு ஊர் திரும்பியவர். ஈசிஆர் ரோட்டை ஒட்டி கெஸ்ட் ஹவுஸ் கட்ட இடம் தேடிக்கொண்டிருந்தார். எங்கள் நிலத்தை வந்து பார்க்கும்படி ஆள் மூலம் சொல்லியனுப்பியது நான்தான்.

வரப்பில் ரெஜினா அண்ணி நின்றிருந்தார். என் அண்ணனின் மனைவி. அண்ணன் இறந்து நாலைந்து மாதம் ஆகியிருந்தது. பழைய லுங்கித் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு, மண்வெட்டியால் அந்தப் பொருக்கைச் சுரண்டிச் சுரண்டி ஒரு ஓரமாகக் குவித்துக்கொண்டிருந்தார்.

பாய் மரியாதை தெரிந்த மனிதர். விலை பேசுவதற்கு முன்னால் துக்கம் விசாரித்தார்.

"மனசத் தேத்திக்கோம்மா. இந்த துனியாவே ரெண்டு நாள் தங்கிட்டுப் போற லாட்ஜு மாதிரிதானே."

அண்ணி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார்.

"லாட்ஜுன்னா, அதுல எதுக்கு பாய் எடம் வாங்க வந்தீங்க?"

பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. துக்கம் விசாரித்த இடத்தில் சிரிக்கக் கூடாதே என்று வாயைத் துண்டால் துடைப்பதுபோல மறைத்துக்கொண்டார். அண்ணி சிரிக்கவில்லை.

"நாங்க லாட்ஜுல இல்லீங்க. வீட்ல இருக்கோம். இத விக்கறதா இல்ல."

பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். விற்கிறேன் என்றவன் நான். விற்கவில்லை என்றவர் அவர். இருவருக்கும் நடுவில் ஒரு ஏக்கர் உப்பு.

நான் என்ன பதில் சொன்னேன் என்பதைச் சொல்வதற்கு முன், அண்ணி அந்தப் பேச்சுக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்பதைச் சொல்ல வேண்டும்.

மீன் வாங்கப் போனவர்

சுனாமி அலை வந்த நாளைப் பற்றி இந்தத் தொடரில் முன்பே எழுதிவிட்டேன். மறுபடியும் அங்கே போக எனக்குத் தெம்பில்லை. அண்ணனைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அண்ணன் பெயர் சவரி. என்னைவிட ஆறு வயது மூத்தவர். இருவரும் மரக்காணம் உப்பளத்தில் வேலை பார்த்தோம். அவர் உப்பு வாருவார். எந்தப் பாத்திக்கு எப்போது தண்ணீர் விடுவது, எப்போது அடைப்பது என்று பார்ப்பது என் வேலை. மழை பிடித்தால் உப்பளம் மூடிக்கிடக்கும். அப்போது அப்பா விட்டுப்போன அந்த ஒரு ஏக்கரில் நெல் போடுவோம். பாகம் பிரிக்காத நிலம், பட்டா அப்பா பெயரிலேயே இருந்தது.

எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஊர்க் கோயிலில் நான் உபதேசியார். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுப்பேன். சாமியார் இல்லாத நாட்களில் ஜெபம் நடத்துவேன்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. அண்ணி வீட்டு ஆட்கள் திண்டிவனத்திலிருந்து விருந்துக்கு வந்திருந்தார்கள். பூசை முடிந்ததும் அண்ணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு மீன் வாங்கப் போனார். சைக்கிள் அன்று சாயந்திரம் கால்வாய் ஓரத்தில் கிடைத்தது. அண்ணன் மறுநாள் சவுக்குத் தோப்புக்குள் கிடைத்தார்.

பங்குச் சாமியார் அன்று எத்தனையோ இடத்துக்கு ஓடிக்கொண்டிருந்தார். அதனால் அடக்க ஜெபத்தை நான்தான் சொன்னேன். குரல் நடுங்காமல் சொன்னேன் என்று எல்லோரும் பிறகு பாராட்டினார்கள். அண்ணியிடம் போய், பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதையே சொன்னேன். அண்ணன் மோட்சத்தில் இருக்கிறார், இந்த உலகம் வழிப்பயணம்தான், அழாதீங்க என்றேன்.

பத்து நாள் கழித்து, கல்லறைக்கு மெழுகுவத்தி ஏற்றப் போனபோதுதான் அண்ணி அதற்குப் பதில் சொன்னார்.

"தம்பி, நீ அவரு மேல இருக்காருன்னு சொல்ற. நான் அவரக் கீழ வெச்சதத்தான் பாத்தேன்."

"ஆத்துமா மேல போயிடுச்சு அண்ணி."

"நான் கட்டிக்கிட்டது ஆத்துமாவ இல்ல. வேர்வ நாத்தத்தோட வீட்டுக்கு வந்து, குளிக்காமலே சோத்துல கை வெக்கற ஆள. அந்த ஆளு எங்க?"

என்னிடம் பதில் இருந்தது. பதினைந்து வருஷமாகச் சொல்லிக் கொடுத்த பதில். அதை விட்டுவிட்டு மெழுகுவத்தியை ஏற்றினேன்.

தெரியலை என்று சொன்ன ஒருவர்

அலை போன பிறகு எங்கள் ஊருக்கு வந்த காரணங்களுக்குக் குறைவில்லை. அரிசி மூட்டையோடு வந்தவர்களும் காரணம் சொன்னார்கள், வெறுங்கையோடு வந்தவர்களும் சொன்னார்கள். பாவத்துக்குத் தண்டனை என்றார் ஒருவர். கடைசிக் காலத்தின் முதல் அடி என்றார் இன்னொருவர். போன ஜென்மத்தில் செய்தது என்றார் வேனில் வந்த ஒரு சாமி. அண்ணி எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தார், எல்லாவற்றையும் கேட்டார்.

அப்புறம் எஸ்தர் அக்கா வந்தார். புதுச்சேரிக்காரர். நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பொம்மையார்பாளையத்தில் ஒரு வீட்டில் கூடி வேதம் வாசிக்கும் சின்னக் கூட்டத்தைச் சேர்ந்தவர். சிலுவை வைக்காத, மெழுகுவத்தி ஏற்றாத கூட்டம். பெயரை நான் எழுதப்போவதில்லை. அவர்களுக்கு நான் வக்கீலும் இல்லை, எதிரியும் இல்லை.

முதல் நாள் வந்த எஸ்தர் அக்கா வேதத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு அண்ணியோடு சேர்ந்து வீட்டுக்குள் ஏறியிருந்த சேற்றை வாரினார். மூன்றாம் முறை வந்தபோது அண்ணியே கேட்டாராம்.

"ஏங்கா இப்படி நடந்துச்சு?"

"தெரியல ரெஜினா."

இதை அண்ணி என்னிடம் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. "ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு தம்பி. அவங்களுக்கு மட்டும் தெரியல. அதான் அவங்க சொல்றத உக்காந்து கேட்டேன்."

அவர்கள் சொன்னது இதுதான். கடவுள் மனிதனைப் படைத்தது பூமியில் வாழத்தான். கொஞ்ச காலம் இங்கே நிறுத்தி, பரீட்சை வைத்து, பாஸானவர்களை மேலே கூட்டிக்கொள்வதற்காக அல்ல. ஒரு தோட்டத்தில் வைத்தார். அந்தத் தோட்டம் கெட்டதால் அவர் மனசை மாற்றிக்கொள்ளவில்லை. பூமியை அழிக்கவும் போவதில்லை, கைவிடவும் போவதில்லை. ஒருநாள் சரிசெய்வார். இறந்தவர்கள் இப்போது எங்கும் பறந்துகொண்டிருக்கவில்லை, தூங்குகிறார்கள். பூமி சரியானதும் கூப்பிடுவார். இதே மண்ணில், உடம்போடு எழுந்து நிற்பார்கள். அப்புறம் சாவு இல்லை. மனிதனுக்கு என்றென்றைக்கும் வீடு இந்தப் பூமிதான்.

வேதத்தில் பூமி என்று வரும் இடங்களையெல்லாம் எஸ்தர் அக்கா பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்திருந்தார். அண்ணி எட்டாவது வரை படித்தவர். விரல் வைத்து ஒவ்வொன்றாக வாசித்தார். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் முடிவதற்குள் அவர் பூசைக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

அம்மா மூடிய கதவு

நான் இதைச் சின்ன விஷயமாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. எங்கள் வீட்டை இரண்டாக உடைத்த விஷயம் அது.

அம்மா அப்போது என்னோடு இருந்தார். அண்ணி வீடு எதிர் வரிசையில். ஒருநாள் அண்ணி குழம்பு எடுத்துக்கொண்டு வந்தார். அம்மா வாசலிலேயே மறித்துக்கொண்டார்.

"எம் புள்ள மோட்சத்துல இல்லன்னு சொல்றியாமே. அப்ப எங்கடி இருக்கான்?"

"தூங்கறாரு அத்த."

"நான் பெத்தவ. அவன் மாதா மடியில இருக்கான்னு நெனச்சுதான் ராத்திரி கண்ண மூடறேன். அதையும் புடுங்கிக்கிறியா?"

அண்ணி குழம்புச் சட்டியோடு திரும்பிப் போனார். அம்மா கதவைச் சாத்தினார். அன்று நான் அம்மா பக்கம்தான். இப்போதும் அம்மா கேட்டது தப்பென்று சொல்ல மாட்டேன்.

என் பக்கத்துக் கதை வேறு. எனக்குக் கடலைக் கண்டாலே பயம் வந்துவிட்டது. உப்பளத்தில் வேலை செய்துகொண்டிருக்கும்போது கிழக்கே காற்றுச் சத்தம் மாறினால் பாத்தியை விட்டு ஓடி ரோட்டில் ஏறி நிற்பேன். மற்றவர்கள் சிரிப்பார்கள். நிலத்தை விற்று, அம்மாவையும் பெண்டாட்டி பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு திண்டிவனம் பக்கம் போய்விட வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். அண்ணியை அவர் அண்ணன்மார்கள் அழைத்துக்கொள்ளத் தயாராக இருந்தார்கள். பிள்ளை இல்லாத பெண், கெட்டுப்போன நிலத்தில் என்ன செய்யப் போகிறார் என்பது எல்லோருடைய எண்ணம்.

இந்த உலகம் வழிப்பயணம் என்று நான் அந்த நாட்களில் சொன்னதில் விசுவாசம் எவ்வளவு, பயம் எவ்வளவு என்று இப்போது பிரித்துப் பார்க்க முடிகிறது. பயம்தான் அதிகம்.

சாமியாரிடம் புகார்

அண்ணியைக் கூப்பிட்டுக் கண்டிக்கச் சொல்லிப் பங்குச் சாமியாரிடம் போனேன். கோயில் வளாகத்தில் நிவாரணப் பாய்கள் கட்டுக்கட்டாக வந்து இறங்கியிருந்தன. கோரைப்புல் வாசனை. அவர் பாய்களை எண்ணி அடுக்கிக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டார்.

"அருள், ஞாயித்துக்கிழம விசுவாச அறிக்கை சொல்றோமே, கடைசியில என்ன வரும்?"

சொன்னேன். உடலின் உயிர்ப்பு என்ற இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"உடம்பு எழுந்தா எங்கப்பா நிக்கும்? காத்துலயா?"

நான் அடுத்த பாய்க் கட்டைத் தூக்கிக் கொடுத்தேன்.

"புது வானம், புது பூமின்னு நம்ம வேதத்துலயும்தான் இருக்கு. நாமதான் பாதியப் புடிச்சிக்கிட்டுப் பாதிய விட்டுட்டோம். எல்லாம் மேல, மேலன்னு சொல்லிச் சொல்லிக் கீழ இருக்கறத மறந்துட்டோம்."

"அப்ப அவங்க சொல்றது சரியா ஃபாதர்?"

"அப்படிச் சொல்லல. ஆத்துமாவப் பத்தி, கோயிலப் பத்தி, அவங்க சொல்றதுல எனக்கு ஒத்துக்காதது நெறைய இருக்கு. ரெஜினா பூசைக்கு வராதது எனக்கு வருத்தம்தான். ஆனா பூமி கடவுளோட வீடு, அத அவரு விட மாட்டாருன்னு ஒரு பொண்ணு சொன்னா, அவள எதச் சொல்லிக் கண்டிக்கறது? எனக்கு வாய் வரல." கடைசிப் பாய்க் கட்டைத் தூக்கி வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "அவ பேர நான் பங்குப் பதிவேட்டுலேர்ந்து எடுக்க மாட்டேன். நீ போய் வேலயப் பாரு."

புகார் கொடுக்கப் போனவன் பாடம் கேட்டுவிட்டு வந்தேன். அதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு மழை

இப்போது ஜமால் பாயிடம் வருகிறேன். அவர் வரப்பில் நின்று என் பதிலுக்காகக் காத்திருக்கிறார்.

விற்றுவிடலாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணி, "தம்பி, ஒண்ணு கேக்கறேன்" என்றார்.

"கேளுங்க அண்ணி."

"உப்பு வெளைய வெக்கறதுக்கு என்னென்ன செய்யணும்னு ஒனக்குத் தெரியும் இல்ல?"

"தெரியும்."

"அதெல்லாத்தயும் திருப்பிச் செஞ்சா உப்பு போயிடாதா?"

பாய் மறுபடியும் துண்டை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணி கேட்டது வேலை தெரிந்தவன் கேட்கிற கேள்வி. அண்ணி ஏற்கெனவே வேளாண்மை ஆபீசுக்குப் போய் விசாரித்துவிட்டு வந்திருந்தார். பொருக்கைச் சுரண்டி எடுக்க வேண்டும். ஆழ உழுது ஜிப்சம் போட வேண்டும். வரப்பை உயர்த்தி மழைத் தண்ணீரைத் தேக்கி, உப்பு கரைந்ததும் வடித்துவிட வேண்டும். நடுவில் பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் முன் மடக்கி உழ வேண்டும். இத்தனைக்கும் ஆள் வேண்டும். அவரிடம் இருந்தது ஒரு மண்வெட்டி.

"ஒரே ஒரு மழக்காலம் பாப்போம். சரியா வரலன்னா நீ சொல்ற எடத்துல கையெழுத்துப் போடறேன்."

"எதுக்கு அண்ணி இவ்ளோ பாடு? திண்டிவனத்துல நிம்மதியா இருக்கலாம் இல்ல?"

"உங்க அண்ணன் எழுந்து வந்தா எங்க வருவாரு? இங்கதான வருவாரு. வந்து பாத்துட்டு, ஒரு ஏக்கரக் கூட வெச்சுக் காப்பாத்த முடியலியான்னு கேப்பாரு."

இதை அவர் அழுதுகொண்டே சொல்லியிருந்தால் நான் சமாதானம் சொல்லி விற்றிருப்பேன். அவர் சாதாரணமாகச் சொன்னார். உப்பளத்துக்குப் போன புருஷன் சாயந்திரம் வருவான், அதற்குள் சோறு வடித்துவைக்க வேண்டும் என்கிற மாதிரி.

"பாய், ஒரு மழ பாத்துட்டுச் சொல்றேன்," என்றேன்.

பாய் கோபித்துக்கொள்ளவில்லை. போகும்போது, "நான் பதினெட்டு வருஷம் அடுத்தவன் ஊர்ல படுத்து எழுந்தவன்மா. வீடுன்னு நீ சொல்றது எனக்குப் புரியுது. அல்லா லேசாக்கி வைக்கட்டும்," என்றார். அவர் பிறகு மஞ்சக்குப்பம் போகிற வழியில் வேறு இடம் வாங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

டிகிரி இறங்கியது

உப்பளத்தில் தண்ணீரின் கெட்டியைப் பார்க்க ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. தண்ணீரில் மிதக்கவிட்டால் எத்தனை டிகிரி என்று காட்டும். கடல் தண்ணீர் மூன்று டிகிரிக்குப் பக்கத்தில் நிற்கும். வெயிலில் சுண்டிச் சுண்டி இருபத்தைந்தைத் தொட்டால் பாத்தியில் உப்புப் பூக்கும். என் வயசெல்லாம் அந்த எண் ஏறுகிறதா என்று பார்த்தே போனது. அந்த வருஷம்தான் முதல்முறையாக, இறங்குகிறதா என்று பார்த்தேன்.

கோடை முழுக்க வேலை முடிந்த பிறகு நிலத்துக்குப் போனேன். போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மாவுக்குத் தெரியும். கேட்கவில்லை.

அண்ணியும் நானும் வேலை செய்துகொண்டே சண்டை போட்டோம். வேதச் சண்டை. பொருக்கை வாரிக் கூடையில் போடும்போது நான் ஒன்று கேட்பேன், கூடையைக் கொட்டிவிட்டு வரும்போது அவர் பதில் சொல்வார்.

"கடவுள் குடுத்த வீடுன்னா, வீடே ஆளக் கொல்லுமா?"

"வீடு ரிப்பேரா இருந்தா செவுரு இடிஞ்சு விழத்தான் செய்யும்."

"அப்ப முன்னாடியே ரிப்பேர் பண்ண வேண்டியதுதான?"

கூடையோடு அப்படியே நின்றார். "அது எனக்கும் கோவம்தான் தம்பி. அத அவரு வந்ததும் கேப்பேன்." எந்த அவர் என்று நான் கேட்கவில்லை. அண்ணனா, கடவுளா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆடி, ஆவணியில் நாலைந்து நல்ல மழை கிடைத்தது. முதல் தண்ணீரை வடித்தபோது ஒரு செம்பில் பிடித்துக் குழாயை விட்டேன். கிட்டத்தட்ட கடல் காட்டுகிற அளவையே காட்டியது. அண்ணி மடையை அடைத்தார். இரண்டாம் முறை கொஞ்சம் இறங்கியது. தக்கைப்பூண்டு போட்டோம். நிலத்தின் மேல்பாதியில் முழங்கால் உயரம் வந்தது. கீழ்ப்பாதியில் முளைத்து மஞ்சளாகிக் கருகியது. உள்ளதை மடக்கி உழுதோம்.

தண்ணீருக்குள் நின்று சொன்னது

அந்த வருஷத்து வடகிழக்குப் பருவமழையை இந்தக் கரையில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். விட்டுவிட்டுப் பெய்கிற பழக்கமே அதற்கு இல்லை. ரோடு அறுந்தது. கழுவெளி ஏரி ரோட்டைத் தொட்டு நின்றது. ஊரே மழையைத் திட்டியது. அண்ணி மட்டும், "கழுவட்டும், நல்லா கழுவட்டும்" என்று சொல்லிக்கொண்டு மழையில் நின்றார்.

ஒருநாள் மத்தியானம் அவர் என்னைத் தேடி வீட்டுக்கே வந்துவிட்டார். அம்மா கதவை மூடிய நாளுக்குப் பிறகு முதல்முறையாக அந்த வாசலில் நின்றார்.

"தம்பி, கால்வா ஏறுது. வடிகால் வழியா உப்புத் தண்ணி உள்ள வருது."

ஓடினேன். எங்கள் நிலத்துத் தண்ணீர் வடிகிற வாய்க்கால், கடலை ஒட்டி ஓடும் உப்புத் தண்ணீர்க் கால்வாயில் போய்ச் சேரும். கால்வாய் பொங்கியதால் அது எதிர்த்துக்கொண்டு திரும்பியது. இன்னும் ஒரு மணி நேரம் விட்டால் ஆறு மாத உழைப்பும் மறுபடி உப்பாகிவிடும். உப்பளத்தில் கிடந்த பழைய சாக்குகளை எடுத்து, மண் ரொப்பி, வாய்க்கால் வாயில் அடுக்கினோம். இடுப்பளவு தண்ணீரில் நான் நின்றேன். அண்ணி மேலிருந்து சாக்கை உருட்டிவிட்டார். தண்ணீர் இழுத்த இழுப்பில் எனக்கு மூச்சு முட்டியது. கடலிலிருந்து வருகிற தண்ணீர். ஒரு வருஷமாக நான் பயந்து ஓடிக்கொண்டிருந்த தண்ணீர். ஓட முடியவில்லை. ஓடினால் சாக்கு போய்விடும்.

கடைசிச் சாக்கு உட்கார்ந்ததும் நீரோட்டம் நின்றது. நான் மேலே ஏறாமல் அங்கேயே நின்றுகொண்டு சொன்னேன்.

"அண்ணி, அன்னிக்கு மீன் வாங்கப் போக வேண்டியது நானு."

அவர் வரப்பில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா எங்கிட்டதான் சொன்னாங்க. பூச முடிஞ்சு பசங்களோட கிறிஸ்மஸ் குடில் பக்கத்துல நின்னு பேசிட்டு இருந்தேன். அண்ணன்கிட்ட, நீ போயிட்டு வந்துடுண்ணான்னு சொன்னேன். அவரும் சரிடான்னுட்டுப் போனாரு."

பதினொரு மாதமாக சாமியாரிடம் செய்த எந்தப் பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லாததை அப்படிச் சொல்லி முடித்தேன். மழைச் சத்தம் அதிகம். அவர் காதில் விழுந்ததா என்றுகூடச் சந்தேகமாக இருந்தது.

"எனக்குத் தெரியும்," என்றார் அண்ணி. "பைய எடுக்க வீட்டுக்கு வந்தப்ப சொன்னாரு. அருளு கோயில்ல பிஸியாம், நான் போயிட்டு வந்துடறேன்னு சொன்னாரு."

"இவ்ளோ நாளா ஏன் கேக்கல?"

"கேட்டு? நீ அனுப்பலன்னாலும் நான் அனுப்பியிருப்பேன். வந்திருந்தது எங்க வீட்டு விருந்தாளிங்க." புடவை முந்தானையைப் பிழிந்தார். "அவரு எழுந்து வருவாரு. அப்ப நீயே அவருகிட்ட நேரா சொல்லிடு. உன்ன ரெண்டு திட்டு திட்டுவாரு. அப்புறம் சிரிப்பாரு. நடுவுல நான் வர மாட்டேன்."

எனக்கு அழுகை வந்தது. மழையில் அழுவதில் ஒரு வசதி, துடைக்க வேண்டியதில்லை. அண்ணன் மேலே இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்த நாட்களில் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் இருந்ததில்லை. இதே வரப்பில் எதிரே வந்து நிற்பார், திட்டுவார், சிரிப்பார் என்று நினைத்தபோது ஏதோ ஒன்று இறங்கிவிட்டது. நான் அண்ணியின் கூட்டத்தில் சேரவில்லை, இன்றும் பூசைக்குப் போகிறேன். ஆனால் அன்றுமுதல் பிள்ளைகளுக்கு வழிப்பயணம் என்று சொல்லிக் கொடுப்பதை விட்டுவிட்டேன். உடலின் உயிர்ப்பு என்ற இடத்தில் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன்.

அறுப்பு

மழை ஓய்ந்ததும் நட்டோம். உப்பைத் தாங்குகிற நெல் ரகம் என்று ஆபீசில் கொடுத்தது. அண்ணனின் முதல் வருஷப் பூசைக்கு அண்ணி வரவில்லை. ஆனால் பூசை முடிந்து நாங்கள் கல்லறைக்குப் போனபோது, அவர் நடவுச் சேறு காயாத காலோடு அங்கே உட்கார்ந்து புல் பிடுங்கிக்கொண்டிருந்தார். அம்மா மெழுகுவத்தி ஏற்றினார். அண்ணி காற்று படாமல் கையை அணைத்துப் பிடித்தார்.

பங்குனியில் அறுத்தோம். மேல்பாதி நன்றாக விளைந்திருந்தது. கீழ்ப்பாதியில் பதர் அதிகம், ஒரு மூலை வெறும் தரையாகவே கிடந்தது. பெரிய வெற்றி என்று சொல்ல மாட்டேன். அது நெல், அவ்வளவுதான். எங்கள் நிலத்து நெல்.

அண்ணி புது அரிசியில் சோறாக்கி அம்மாவுக்குக் கொடுத்தனுப்பினார். அம்மா தட்டைக் காலி செய்துவிட்டுக் கை கழுவினார்.

"சோறு நல்லாத்தான் இருக்கு. அவ பேச்சுதான் சரியில்ல," என்றார். மறுநாள் பகலில் எதிர் வீட்டுக் கதவு திறந்திருக்கிறதா என்று இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். மூன்றாம் தடவை நேராகப் போய்விட்டார்.

அண்ணியோடு நான் திண்டிவனத்துக்குப் போனேன், குடியேற அல்ல. நிலத்தைப் பாகம் பிரித்து, அண்ணனுடைய பாதியை அண்ணி பெயருக்குப் பட்டா மாற்ற. தாலுகா ஆபீசில் இருந்த கிளார்க் பொறுமையான ஆள். விண்ணப்பத்தை வரிவரியாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"நிரந்தர முகவரியும் இதேதானாம்மா?"

"இதேதாங்க."

"புள்ளைங்க இல்லன்னு போட்டிருக்கு. உங்களுக்கு அப்புறம் இந்த நெலம் யாருக்கு?"

"எனக்கு அப்புறமும் எனக்குத்தாங்க," என்றார் அண்ணி. "நடுவுல கொஞ்ச நாள் இருக்க மாட்டேன். அவ்ளோதான்."

கிளார்க் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி, இந்த அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்பதுபோல என்னைப் பார்த்தார்.

"அவங்க சொன்னத அப்படியே எழுதிக்குங்க சார்," என்றேன்.